மலையகத்தில் இருந்துகொண்டு ஆய்வுக் கட்டுரைக்கு ஆதாரம் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கம்பஸ் போனாலும் சரி, கல்வியியல் கல்லூரிக்குப் போனாலும் சரி, வேலை செய்துகொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் படித்தாலும் சரி, ஒரு கட்டத்தில் "ஆதாரங்களோடு ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதிக் கொண்டு வாங்க" என்று சொல்லிவிடுவார்கள். ஆதாரம் என்றால் எது, அதை எங்கே தேடுவது, கிடைத்ததை எந்தளவுக்கு நம்புவது என்று உட்கார வைத்துச் சொல்லித் தருகிறவர்கள் குறைவு. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் உயர்தரம் முடியும் வரை ஒழுங்கான நூலகம் ஒன்றில் தேடிப் பழகும் வாய்ப்பே இல்லாமல் வருகிறார்கள். அதனால் கூகுளில் முதலில் வரும் நாலு பக்கத்தை எடுத்து, சீனியர் ஒருவர் எழுதிய ஒப்படையில் இருந்து உசாத்துணைப் பட்டியலைப் பார்த்து எழுதிச் சமாளிக்கிறார்கள். தேடத் தெரிந்துவிட்டால் இந்தச் சமாளிப்பு தேவைப்படாது, அதைத்தான் இங்கே முதலில் இருந்து கடைசி வரை எழுதுகிறேன்.

நெடுக ஒரே தலைப்பை உதாரணமாக வைத்துக்கொள்வோம்: 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமும் அதனால் பிரிந்த தோட்டக் குடும்பங்களும். எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளி மக்களில் எத்தனை பேரை இந்தியா ஏற்பது, எத்தனை பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது என்று இரண்டு அரசாங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. உங்கள் தலைப்பு தேயிலைக் கொழுந்தின் விலையாக இருக்கலாம், லயன் வீடமைப்பாக இருக்கலாம், வழி ஒன்றுதான்.

தொடங்கும் முன்னமே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதில் இருந்துதான் வருகிறது. ஒரு தகவல் பத்து இடத்தில் இருந்தால் அது பத்து ஆதாரம் ஆகாது. பத்துப் பேரும் ஒரே இடத்தில் இருந்து எடுத்திருக்கலாம். அது முதன்முதலில் எங்கே, யாரால், எதற்காகப் பதிவானது என்று தேடிப் போய்ப் பார்ப்பதுதான் ஆய்வு.

தலைப்பைக் கேள்வியாக்குங்கள்

"மலையக மக்களின் பிரச்சினைகள்" என்று ஒரு தலைப்போடு நூலகத்துக்குப் போனால் நூலகருக்கும் உதவி செய்ய வழியில்லை, உங்களுக்கும் எந்தப் புத்தகத்தை வைப்பது எந்தப் புத்தகத்தை விடுவது என்று தெரியாது. காலம், இடம், யாரைப் பற்றி என்ற மூன்றையும் போட்டு ஒரு கேள்வியாக எழுதுங்கள். "1964 க்குப் பிறகு இந்தியாவுக்குப் போவதா, இங்கேயே இருப்பதா என்ற முடிவைத் தோட்டக் குடும்பங்கள் எப்படி எடுத்தன?" என்றால் அது கேள்வி.

கேள்வி வந்ததும் ஒரு தாளில், இதற்குப் பதில் சொல்ல என்னென்ன வகை ஆதாரம் இருக்க முடியும் என்று எழுதுங்கள். ஒப்பந்தமும் அதை நடைமுறைப்படுத்திய 1967 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டமும், அதற்கு முந்தைய 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் சட்டம், அரசாங்கக் கணக்கெடுப்பு, ஹன்சாட் (பாராளுமன்ற விவாதப் பதிவு), அந்தக் காலப் பத்திரிகை, தொழிற்சங்க வெளியீடு, பிற்கால ஆய்வு நூல், ஆய்வேடு, பிறகு அதை வாழ்ந்து பார்த்த பெரியவர்கள். இந்தத் தாள்தான் உங்கள் தேடலுக்கு வரைபடம். பலர் இதைச் செய்யாமல் நேரே தேடப் போவதால், கிடைத்த புத்தகத்துக்கு ஏற்ற மாதிரி கேள்வியை மாற்றிக்கொள்கிறார்கள்.

தேடும் சொற்கள், காலத்துக்கு ஏற்றபடி

நூலகப் பட்டியலில் தேடும்போது பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எங்கள் மக்களைப் பற்றி எழுதியவர்கள் ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பெயரைப் போட்டிருக்கிறார்கள். இன்றைக்கு நாம் "மலையகத் தமிழர்" என்று தேடினால், அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டு எழுதியவர்களின் நூல் மட்டும் வரும், பழைய நூல்களில் பாதி வெளியே வராது.

வெள்ளைக்காரன் காலத்து அறிக்கை வேண்டுமென்றால் ஆங்கிலப் பட்டியலில் "கூலி", "இமிகிரன்ட் லேபர்", "எஸ்டேட் லேபர்" என்று தேட வேண்டும். இந்தச் சொற்கள் நமக்கு வலிக்கும், ஆனால் நூலின் தலைப்பில் அப்படித்தான் இருக்கிறது. சனத்தொகைக் கணக்கெடுப்பில் 1911 இல் இருந்து "இந்தியத் தமிழர்" என்று தனியாகப் பிரித்தார்கள், அதற்கு முந்தைய அறிக்கைகளில் அந்தப் பிரிவே கிடையாது. சுதந்திரத்துக்குப் பிறகான ஆய்வுகளில் "ஸ்டேட்லெஸ்", "இந்தியன் ஒரிஜின்", "பிளான்டேஷன் வேர்க்கர்ஸ்", "அப்கன்ட்ரி டமில்ஸ்" என்று வரும். தமிழில் "நாடற்றவர்", "தோட்டத் தொழிலாளர்", "இந்திய வம்சாவளியினர்", "பெருந்தோட்ட மக்கள்" என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். "மலையகம்" என்பதையே ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுவார்கள், கடைசியில் வருவது "ஹ" வா "க" வா என்பதில்கூட ஒற்றுமை இல்லை. நாட்டின் பெயரே 1972 வரை சிலோன், ஆகவே 1964 ஐப் பற்றி "ஸ்ரீலங்கா" என்று மட்டும் தேடினால் அந்தக் காலத்திலேயே வெளியானது எதுவும் கிடைக்காது. தமிழகப் பக்கத்து எழுத்து வேண்டுமென்றால் "தாயகம் திரும்பியோர்" என்று தேடுங்கள், அங்கே அதுதான் வழக்கில் இருந்த பெயர்.

ஒரு நல்ல புத்தகம் அகப்பட்டதும் பட்டியலில் அதன் பதிவைத் திறந்து, கீழே "பொருள் தலைப்பு" என்று என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். நூலகர் அந்தப் புத்தகத்துக்குக் கொடுத்த அந்தத் தலைப்பைத் தட்டினால் அதே பொருளில் உள்ள மற்றதெல்லாம் வரிசையாக வரும். ஒரு மணித்தியாலம் சொல் மாற்றித் தேடுவதைவிட இது கூடுதலாகத் தரும்.

பக்கத்தில் இருந்து தூரத்துக்குப் போங்கள்

மேலே தோட்டத்தில் இருந்து பேராதனைக்குப் போய் வருவது என்றால் ஒரு நாள் முழுக்க முடிந்துவிடும், பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் வேறு. அதனால் முதலில் ஊர்ப் பொது நூலகம். மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை நூலகம் ஏதாவது ஒன்று கிட்ட இருக்கும். உள்ளூர் எழுத்தாளர்கள் தாங்களே அச்சடித்துக் கொடுத்த சிறு நூல்கள், பாடசாலை நூற்றாண்டு மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், தொழிற்சங்க மாநாட்டு மலர்கள் எல்லாம் பெரிய நூலகத்தைவிட இங்கேதான் இருக்க வாய்ப்பு. ஒரு தோட்டத்தின் பழைய பெயர், யார் யார் தலைவராக இருந்தார்கள், எந்த வருடம் பாடசாலை வந்தது என்பதற்கு ஒரு மலர் போதும் சில வேளை.

நூலகரிடம் பேசத் தயங்காதீர்கள். "சேர், இந்தத் தலைப்பில் புத்தகம் இருக்கா?" என்று கேட்டால் இருக்கு, இல்லை என்று பதில் வரும். "மிஸ், 1964 ஒப்பந்தம் பற்றி அந்தக் காலத்திலேயே வந்த ஏதாவது இருக்கா, பத்திரிகைக் கட்டு, மலர், அறிக்கை எதுவானாலும் பரவாயில்லை" என்று கேட்டால் அவர் எழும்பிப் போய்ப் பின் அறையில் தேடுவார். பட்டியலில் ஏறாமல் கட்டிக் கிடக்கிற சாமான் எது என்று அவருக்குத்தான் தெரியும்.

அடுத்தது கண்டி. டி.எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்தப் பொது நூலகம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. அப்புறம் பேராதனைப் பல்கலைக்கழக நூலகம். இலங்கையில் அச்சாகும் நூல்களின் பிரதி சட்டப்படி வந்து சேரும் நூலகங்களில் அதுவும் ஒன்று என்பதால், வேறெங்கும் கிடைக்காத தமிழ்ச் சிறு வெளியீடுகூட அங்கே இருக்கலாம். நீங்கள் வேறு நிறுவனத்தில் படிக்கிறவர் என்றால் உங்கள் துறைத் தலைவரிடமோ கல்லூரி அதிபரிடமோ கடிதம் வாங்கி, மாணவர் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள், போகும் முன் தொலைபேசியில் கேட்டு வெளியாரை என்ன நாளில் அனுமதிப்பார்கள் என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இலங்கை தொடர்பான அரிய நூல்களைத் தனிச் சேகரிப்பாக வைத்திருக்கும் நூலகங்களில் அவற்றை இரவல் தரமாட்டார்கள், அங்கேயே இருந்து குறிப்பெடுக்க வேண்டும். பட்டியலை வீட்டிலேயே ஒன்லைனில் பார்த்து, நூலின் பெயர், ஆசிரியர், அழைப்பு எண் மூன்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டு போனால் காலையிலேயே புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காரலாம். அங்கே போய்த்தான் தேடுவேன் என்றால் பின்னேரம் பஸ்ஸுக்கு ஓடும்போது கையில் ஒன்றும் இருக்காது.

தலைப்பைப் பொறுத்துச் சிறப்பு இடங்களும் உண்டு. தேயிலைச் செய்கை, நோய், மண் என்றால் 1925 இல் தொடங்கிய, இப்போது தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம். தொழிலாளர் வாழ்க்கை என்றால் கம்பளைப் பக்கம் இருக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம், பழைய லயன் ஒன்றிலேயே அமைத்திருக்கிறார்கள், பாவனைப் பொருட்களும் ஆவணங்களும் இருக்கின்றன. கொழும்பில் தேசிய நூலகமும் தேசிய சுவடிகள் கூடமும். பழைய வீரகேசரியோ தினகரனோ, அரசாங்க நிர்வாக அறிக்கைகளோ வேண்டுமென்றால் கடைசியில் சுவடிகள் கூடத்துக்குத்தான் போக வேண்டி வரும். முதலாம் வருடக் கட்டுரைக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை.

தட்டில் என்ன பார்ப்பது

பொது நூலகங்களில் நூல்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்புத்தான் பெரும்பாலும். இலங்கை வரலாறு 954.93, தொழிலாளர் பொருளியல் 331, இடப்பெயர்வு 304.8, இனக்குழுக்கள் 305.8, தேயிலைச் செய்கை 633.72, தமிழ் இலக்கியம் 894.811. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், நம் தலைப்பு ஒரே தட்டில் இருக்காது. ஒப்பந்தத்தைப் பற்றிய நூல் வரலாற்றிலும் இருக்கும், சட்டத்திலும் இருக்கும், இடப்பெயர்விலும் இருக்கும், அதை வாழ்ந்தவர் எழுதிய கதை இலக்கியத் தட்டில் இருக்கும். தேடி வந்த நூலுக்கு இடதும் வலதும் இருக்கிற ஐந்தாறு நூல்களையும் கையில் எடுத்துப் பாருங்கள்.

எடுத்த புத்தகத்தை முதல் பக்கத்தில் இருந்து வாசிக்கத் தொடங்காதீர்கள், ஒரு நாளில் ஒரு புத்தகத்தோடு முடிந்துவிடும். உள்ளடக்கம், பிறகு கடைசியில் இருக்கும் சொல்லடைவு, அதில் "1964", "ஒப்பந்தம்", "பிரஜாவுரிமை" எத்தனை பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள். ஒன்றிரண்டு பக்கம் என்றால் அந்தப் பக்கங்களை மட்டும் வாசித்துவிட்டு வைத்துவிடலாம். அப்புறம் முன்னுரை, அதில்தான் ஆசிரியர் எங்கே இருந்து, யாரிடம் கேட்டு, எந்த ஆவணத்தைப் பார்த்து எழுதினார் என்று சொல்லியிருப்பார். கடைசியாக உசாத்துணைப் பட்டியல். நல்ல நூல் ஒன்றின் உசாத்துணைப் பட்டியல் என்பது வேறொருவர் வருடக்கணக்கில் தேடி உங்களுக்காக எழுதி வைத்த பட்டியல், அதைப் போட்டோ பிடித்துக்கொள்ளுங்கள், அனுமதி கேட்டு.

வீட்டில் இருந்தே தேடுவது

சிக்னல் வருகிற இடத்தைத் தேடி மேட்டில் நின்று டேட்டா போட்டுத் தேடுகிறவர்களுக்கு எது முதலில் பார்க்க வேண்டியது என்று தெரிய வேண்டும். தமிழில் என்றால் நூலகம் என்ற எண்ணிம நூலகம்தான் முதலில். 2005 இல் தொடங்கியது, இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல், சஞ்சிகை, பத்திரிகை, மலர் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள், மலையக வெளியீடுகளும் நிறைய. ஆனால் பெரும்பாலானவை படமாகத்தான் இருக்கும், உள்ளே இருக்கிற சொல்லைத் தேடினால் வராது. நூலின் பெயர், ஆசிரியர், வருடம், சஞ்சிகையின் பெயர் என்று தேடி, திறந்து, உள்ளடக்கப் பக்கத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. இலங்கையில் கனகாலமாகத் தமிழை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவை வைத்துக் காட்டும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்தார்கள். அப்படிச் செய்த பீடிஎஃப் ஒன்றில் திரையில் அழகாகத் தமிழ் தெரியும், ஆனால் கொப்பி பண்ணிப் போட்டால் ஆங்கில எழுத்துகள் கண்டபடி வரும். கூகுளுக்கும் அது அப்படித்தான் தெரியும். ஆகவே "கூகுளில் தேடினேன், தமிழில் ஒன்றுமே இல்லை" என்றால் தமிழில் எழுதப்படவில்லை என்று அர்த்தம் ஆகாது. பல்கலைக்கழக ஆய்வு மாநாட்டுத் தொகுப்புகள், துறைச் சஞ்சிகைகளை நேரே அந்தந்த இணையத்தளத்துக்குப் போய் இதழ் இதழாகத் திறந்து பாருங்கள்.

ஆங்கிலத்தில், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்கொலர். அதில் கட்டுரையின் கீழே "சைட்டட் பை" என்று ஒன்று இருக்கும், அதைத் தட்டினால் அந்தக் கட்டுரையைப் பிற்பாடு யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று வரும். உசாத்துணைப் பட்டியல் உங்களைப் பின்னால் கூட்டிப் போகும், இது முன்னால் கூட்டிப் போகும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஒரே ஒரு நல்ல கட்டுரையில் இருந்தே தேவையானதில் பெரும்பகுதி வந்துவிடும். இலங்கைச் சஞ்சிகைகளுக்கு தேசிய விஞ்ஞான மன்றம் நடத்தும் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் இருக்கிறது, இலவசம். ஆய்வுச் சஞ்சிகைகளின் இணையக் களஞ்சியமான ஜேஸ்டோரில் சொந்தமாக இலவசக் கணக்கு ஒன்று திறந்தால் மாதம் 100 கட்டுரைகள் வரை திரையில் வாசிக்கலாம், டவுன்லோட் பண்ண முடியாதே தவிர வாசிப்புக்குத் தடை இல்லை. உங்கள் நூலகம் வேறு தரவுத்தளங்களுக்குச் சந்தா கட்டியிருக்கலாம், அதற்கான பாஸ்வேர்டை நூலகத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்காததாலேயே அதைப் பாவிக்காமல் பட்டம் வாங்கிப் போனவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவது

இனி மதிப்பிடுவது. பொதுவாகச் சொன்னால் விளங்காது, இரண்டு எண்களை வைத்தே காட்டுகிறேன்.

முதலாவது 525,000. "சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர்" என்று எத்தனையோ கட்டுரைகளில் வாசித்திருப்பீர்கள். இதைப் பின்னால் பிடித்துக்கொண்டு போனால் 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான ஒப்பந்தத்தில் போய் நிற்கும். அங்கே இருப்பது என்ன? நாடற்றவர்கள் சுமார் 975,000 பேர் என்று இரண்டு அரசாங்கமும் கணக்கு வைத்துக்கொண்டு, அதில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பேசுவது, 15 வருடத்தில் முடிப்பது. அந்த 150,000 பேரை ஆளுக்குப் பாதியாக 1974 இல் பிரித்துக்கொண்டார்கள். ஆக 525,000 என்பது போனவர்களின் எண்ணிக்கையே இல்லை, அனுப்புவது என்று மேசையில் எழுதிய எண்ணிக்கை. உண்மையில் விண்ணப்பித்தவர்கள் எத்தனை, கப்பல் ஏறியவர்கள் எத்தனை, இங்கேயே பிறந்த பிள்ளைகளை எப்படிக் கணக்கெடுத்தார்கள் என்பது வேறு ஆவணங்களில் தேட வேண்டிய விஷயம். 1984 இல் தலைமன்னார்-ராமேஸ்வரம் கப்பலே நின்று போனது. நாடற்றவர் பிரச்சினை தீர இலங்கைப் பாராளுமன்றம் 2003 இல் 35 ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவர வேண்டியிருந்தது என்பதே, 1964 இல் எழுதிய கணக்கு அப்படியே நடக்கவில்லை என்பதற்குச் சாட்சி. எத்தனை புத்தகத்தில் "அனுப்பப்பட்டனர்" என்று இருந்தாலும், ஒப்பந்தத்தைத் திறந்து வாசித்த உங்களுக்கு அது தவறான வினைச்சொல் என்று தெரியும்.

இரண்டாவது, 2012 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் எத்தனை பேர். ஒரு இடத்தில் 842,323 என்று இருக்கும், இன்னொரு இடத்தில் 839,504 என்று இருக்கும். இரண்டுமே தொகைமதிப்பு, புள்ளிவிபரவியல் திணைக்களத்தின் எண்கள்தான், எவரும் பொய் சொல்லவில்லை. முதலாவது முதலில் வெளியிட்ட பூர்வாங்க அறிக்கையில் இருந்து வந்தது, அதில் நாட்டின் மொத்தச் சனத்தொகை 20,263,723. இரண்டாவது இறுதி அறிக்கை, மொத்தம் 20,359,439. நீங்கள் வாசிக்கும் கட்டுரை எதைப் பாவித்தது என்று மொத்தத் தொகையைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஒரு கட்டுரையின் எண்ணை இன்னொரு கட்டுரையின் மொத்தத்தால் பிரித்து வீதம் கணக்குப் போட்டால் பிழைதான் வரும்.

அதோடு முடியவில்லை. 1981 இல் இந்தியத் தமிழர் 818,656. முப்பத்தொரு வருடத்தில் இருபதாயிரம் சொச்சம்தான் கூடியது என்று அப்படியே எழுதிவிடக்கூடாது. கண்டி, பதுளை போன்ற மாவட்டங்களில் எங்கள் ஆட்கள் கணிசமானோர் "இலங்கைத் தமிழர்" என்று பதிந்துகொண்டார்கள், வன்செயல்களால் வடக்குக்கும் இந்தியாவுக்கும் போனவர்களும் உண்டு. எண் சரியாக இருந்தும் அது சொல்வதாக நாம் நினைப்பது தவறாக இருக்கலாம். அட்டவணை ஒன்றைப் பாவிக்கும் முன் அந்தப் பிரிவில் யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்று அறிக்கையின் விளக்கக் குறிப்பைக் கட்டாயம் வாசியுங்கள்.

வருடங்களையும் இதே போலச் சரி பாருங்கள். கோப்பி நோய் வந்து அழிந்ததால் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டார் என்று பாடசாலையில் படித்திருப்போம். லூல்கந்துரவில் அவர் தேயிலை போட்டது 1867, கோப்பி இலைத்துரு இங்கே முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1869. தேயிலை நாடு முழுக்கப் பரவியதற்கு நோய் காரணம், முதல் செடி நட்டதற்கு அது காரணமாக இருக்க முடியாது. இரண்டு வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே விளங்கும் இது.

யார் பேசுகிறார்கள்

எங்கள் வரலாற்றை எழுதி வைத்தவர்களில் பெரும்பான்மையினர் எங்களைக் கண்காணித்தவர்கள். துரைமார் (தோட்ட நிர்வாகிகள்) சங்கத்து அறிக்கை, தோட்டத்துரை எழுதிய கைநூல், குடிவரவுத் தொழிலாளர் கட்டுப்பாட்டாளரின் நிர்வாக அறிக்கை எல்லாம் காலனித்துவக் காலத்துக்கு நல்ல ஆதாரங்கள்தான், ஆனால் எதற்கு ஆதாரம் என்று கேட்க வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், என்ன சம்பளம் எழுதினார்கள், எந்தத் தோட்டத்தில் எத்தனை ஏக்கர் என்பதற்கு எடுத்துக்கொள்ளலாம். "தொழிலாளர்கள் திருப்தியாக இருக்கிறார்கள்" என்று அதே அறிக்கை சொன்னால், அது துரை அப்படி நினைத்தார், அல்லது மேலிடத்துக்கு அப்படிக் காட்ட விரும்பினார் என்பதற்கு மட்டும்தான் ஆதாரம்.

தொழிற்சங்க வெளியீடும் அதே மாதிரிப் பார்க்கப்பட வேண்டியதுதான், நம்ம பக்கத்து ஆட்கள் என்பதால் சலுகை இல்லை. சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும் காலத்தில் வந்த துண்டுப்பிரசுரம் ஒரு கோரிக்கைக்காக எழுதப்பட்டது. அதைக் கோரிக்கை என்னவாக இருந்தது என்பதற்குப் பாவியுங்கள், தோட்டக் கம்பனியின் இலாப நட்டத்துக்கு வேறு இடம் பாருங்கள். அரச சார்பற்ற நிறுவன அறிக்கைகளில் முதலில் தேட வேண்டியது எத்தனை தோட்டத்தில், எத்தனை குடும்பத்திடம், எந்த மாதத்தில் கேட்டார்கள் என்ற பகுதி. ஒரு பள்ளத்தாக்கில் இரண்டு தோட்டத்தில் கேட்டுவிட்டு "மலையகத்தில்" என்று தலைப்புப் போட்டிருந்தால், நீங்கள் எழுதும்போது அந்த இரண்டு தோட்டம் என்றே எழுதுங்கள்.

அப்புறம் வீட்டில் இருக்கிற ஆதாரம். உங்கள் அம்மாயியோ அப்பாயியோ அந்த நாளில் விண்ணப்பம் போட்டவராக இருக்கலாம், அண்ணன் தம்பியைக் கப்பலுக்கு அனுப்பிவிட்டு வந்தவராக இருக்கலாம். இதை ஆய்வில் சேர்க்கலாமா என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தாராளமாகச் சேர்க்கலாம், முறைப்படி செய்தால். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லி அனுமதி வாங்கி, திகதி, இடம் குறித்து, முடிந்தால் ஒலிப்பதிவு செய்து வையுங்கள், பெயரைப் போட விருப்பமா என்று கேளுங்கள். "அம்மாயி, எந்த வருஷம் போனாங்க?" என்று கேட்டால் வருடம் மாறி வரலாம். "அவங்க போகும்போது மூத்தவ பொறந்திருந்தாளா?" என்று கேட்டால் சரியாகச் சொல்வார், மூத்தவரின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து வருடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். போவதா இருப்பதா என்று குடும்பத்துக்குள் எப்படிப் பேசினார்கள், யார் சொல்லுக்கு மதிப்பு இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எந்த நூலகத்திலும் இல்லை. அரசாங்கப் பேச்சுவார்த்தையில் என்ன நடந்தது என்பதற்கு அதே அம்மாயியை மேற்கோள் காட்டாதீர்கள்.

கதை, கவிதை, நாட்டார் பாடலும் அப்படியே. அந்தக் காலத்து உணர்வுக்கு எடுங்கள், எண்ணிக்கைக்கு எடுக்காதீர்கள்.

சுருக்கமாகச் சில எச்சரிக்கைகள்

விக்கிப்பீடியாவை வாசியுங்கள், அடிக்குறிப்பில் இருக்கும் மூலத்தைத் திறந்து அதை மேற்கோள் காட்டுங்கள். சஞ்சிகை ஒன்று "காசு கட்டினால் சில நாளில் போடுவோம்" என்று சொன்னால், ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் யார் என்று தெரியாமல் இருந்தால், வேளாண்மையும் இலக்கியமும் மருத்துவமும் ஒரே இதழில் வந்தால், அதில் உள்ளதை எடுக்க வேண்டாம். செயற்கை நுண்ணறிவிடம் உசாத்துணை கேட்டால் இல்லாத புத்தகத்துக்கும் அழகாகப் பெயர், வருடம், பதிப்பகம் எல்லாம் போட்டுத் தரும், ஆகவே அது சொன்ன ஒவ்வொன்றையும் நூலகப் பட்டியலில் தேடி, கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும். தேடும் சொற்களை யோசிக்க வேண்டுமானால் அதைப் பாவிக்கலாம்.

குறிப்பெடுப்பதும் எழுதுவதும்

ஒரு நூலைத் திறந்ததும் வாசிக்க முன் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் போட்டோ எடுங்கள். பதிப்பகம், முதற்பதிப்பு எந்த வருடம், கையில் இருப்பது எத்தனையாவது பதிப்பு எல்லாம் அந்தப் பின்பக்கத்தில்தான். 1980 களில் எழுதிய நூலை 2015 இல் மறுபதிப்புச் செய்திருந்தால் அதில் உள்ள நிலைமை 2015 இன் நிலைமை ஆகாது.

கொப்பியில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் நூலில் உள்ளதை அப்படியே மேற்கோள் குறிக்குள் பக்க எண்ணோடு, வலது பக்கம் நீங்கள் நினைப்பதை எழுதுங்கள். இரண்டையும் கலந்து எழுதினால் ஒரு மாதம் கழித்து எது யாருடைய வசனம் என்று உங்களுக்கே தெரியாது, களவாக எழுதினீர்கள் என்ற பேச்சு அப்படித்தான் வருகிறது. பக்க எண் இல்லாத குறிப்புக்காகத் திரும்ப மலை இறங்கிப் பேராதனைக்குப் போகிற அலைச்சல் யாருக்கும் வேண்டாம்.

ஒரு நூலில் இன்னொரு நூலின் மேற்கோளைக் கண்டு எடுத்தால், "இன்னாரில் எடுத்தாளப்பட்டது" என்று நீங்கள் உண்மையில் வாசித்த நூலைச் சொல்லுங்கள். இரண்டு நல்ல ஆதாரங்கள் முரண்பட்டால் ஒன்றை மறைக்காதீர்கள். கோப்பித் தோட்டத்துக்கு முதல் தொழிலாளர் வந்தது 1823 என்று சிலரும் 1824 அல்லது அதற்குப் பிறகு என்று சிலரும் எழுதியிருக்கிறார்கள், 2023 இல் இருநூறாவது ஆண்டு நினைவுகூரப்பட்டது 1823 ஐ வைத்து. இதை அப்படியே எழுதி, நீங்கள் எதை ஏற்கிறீர்கள், என்ன ஆவணத்தைப் பார்த்து ஏற்கிறீர்கள் என்று ஒரு பந்தி போட்டால் விரிவுரையாளருக்கு நீங்கள் வேலை செய்திருப்பது தெரியும்.

உசாத்துணைப் பட்டியல் எழுதும்போது தமிழ்ப் பெயர்கள் ஒரு சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்து தகப்பனுடையது. ஆங்கில மாதிரியைப் பார்த்துப் பெயரைத் திருப்பிப் போட்டால் தகப்பன் பெயரில் நூல் போய்ச் சேரும். நூலாசிரியரின் சொந்தப் பெயரை முதலில் போட்டு, அதன் பின் காற்புள்ளி, பிறகு முன்னெழுத்து: நூலகப் பட்டியலிலும் அப்படித்தான் பெரும்பாலும் இருக்கும். இணையத்தில் எடுத்ததற்குப் பார்த்த திகதியையும், நேர்காணலுக்கு நடந்த இடத்தையும் திகதியையும், ஹன்சாட்டுக்குத் தொகுதி எண்ணையும் பத்தி எண்ணையும் சேருங்கள். உங்கள் துறை எந்த மேற்கோள் முறையைக் கேட்கிறது என்று ஒப்படை தந்த அன்றே கேட்டுக்கொள்ளுங்கள், முடித்த பிறகு ஐம்பது பதிவை மாற்றி எழுதுவது பெரிய வேலை.